ஈயம் என்னும் ஒரு சொல்லும் ஐந்து தனிமங்களும்

'ஈயம்' என்பது தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. அதனோடு வெண்மையைச் சேர்த்து வெள்ளீயம் என்றும், கருமையைச் சேர்த்துக் காரீயம் என்றும் நம் முன்னோர் இரண்டு உலோகங்களைப் பிரித்துக் கூறினர். ஆங்கிலேயர் டின் என்பது வெள்ளீயம். லெட் என்பது காரீயம். இவையன்றிப் பென்சிலின் உள்ளே இருக்கும் கருங்குச்சியையும் காரீயம் என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதுவோ உலோகமே அன்று. கிராஃபைட் என்னும் கரி.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. உரோமானியரும் 'பிளம்பம்' என்னும் ஒரே சொல்லுக்குக் கருப்பு, வெள்ளை என்னும் அடைகளைக் கொடுத்தே இவ்விரு உலோகங்களையும் வேறுபடுத்தினர். ஆங்கிலேயர் கிராஃபைட்டைக் 'கருப்பு ஈயம்' என்றனர். அது கரியின் ஒரு வடிவமே என்பதை 1779ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஷீலே எடுத்துக்காட்டினார்.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. கண்ணுக்குத் தெரிந்த நிறத்தையும் கைக்குத் தெரிந்த மென்மையையும் கொண்டு ஒரு பெயருக்குள் அடக்கப்பட்ட இம்மூன்றும், தனிம வரிசை அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் நிற்கின்றன. கார்பன், சிலிக்கன், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் என்பது அவ்வரிசை. இவ்வைந்தின் அணுக்களிலும் வெளிக்கூட்டில் இருப்பவை நான்கு எலக்ட்ரான்களே. அவ்வாறாயின் ஒன்று வைரமாகவும், மற்றொன்று நகத்தால் கீறத்தக்க மெல்லுலோகமாகவும் இருப்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைரமும் கரியும்

படிகத்தின் உள்ளமைப்பை அறியும் வழி 1912இல் திறந்தது. எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் வழியே செலுத்தினால் அவை ஒழுங்கான புள்ளிகளாகச் சிதறும் என்பதை ஜெர்மானிய அறிஞர் லாவே முன்னுணர்ந்தார். சோதனை அதனை மெய்ப்பித்தது. அப்புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையை இங்கிலாந்தின் பிராக் என்னும் தந்தையும் மகனும் வகுத்தனர். 1913இல் அவர்கள் வைரத்தின் அமைப்பைக் கண்டறிந்தனர்.

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. அந்நான்கும் ஒரு நான்முகியின் மூலைகளில் அமைந்துள்ளன. இரு அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவு 1.54 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நான்கு எலக்ட்ரான்களும் நான்கு பிணைப்புகளில் கட்டுண்டு கிடப்பதால் வைரம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எத்திசையிலும் பிணைப்பு உறுதியாக இருப்பதால் கடினத்தில் அதற்கு இணை அரிது.

கிராஃபைட்டில் அதே கார்பன் அணு மூன்று அணுக்களோடு மட்டும் ஒரு தளத்தில் இணைகிறது. நான்காம் எலக்ட்ரான் அத்தளம் முழுதும் உலவுகிறது. தளங்களுக்கு இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி உண்டு. ஆகவே தளங்கள் எளிதில் வழுக்கித் தாளில் ஒட்டுகின்றன, மின்சாரமும் பாய்கிறது. அணு ஒன்றே, அடுக்கு முறை வேறு. பண்பும் வேறாயிற்று.

வரிசையில் கீழே இறங்கினால்

வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களும் ஒரே நிலையில் இருப்பவை அல்ல. இரண்டு 'எஸ்' நிலையிலும் இரண்டு 'பி' நிலையிலும் உள்ளன. எஸ் நிலையில் உள்ளவை அணுக்கருவோடு நெருக்கம் மிக்கவை. நான்கு கைகளையும் ஒன்றுபோல் நீட்ட வேண்டுமானால் அந்த இணையைப் பிரித்தாக வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். கிடைக்கும் பிணைப்பு வலிமையாக இருந்தால் அச்செலவு ஈடுசெய்யப்படும். கார்பனில் அது முழுமையாக ஈடாகிறது.

சிலிக்கனும் ஜெர்மானியமும் வைரத்தின் அமைப்பையே கொண்டவை. ஆயினும் அணு பெரிதாவதால் பிணைப்பு நீள்கிறது, சிலிக்கனில் 2.35, ஜெர்மானியத்தில் 2.45 ஆங்ஸ்ட்ராம். பிணைப்பில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்க வைரத்தில் ஏறத்தாழ 5.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் ஆற்றல் சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்படாது; எனவே ஒளி தடையின்றி ஊடுருவ, வைரம் தெளிவாகத் தோன்றுகிறது. சிலிக்கனில் 1.1, ஜெர்மானியத்தில் 0.67 என அவ்வளவு குறைகிறது. சிறிது வெப்பமோ ஒளியோ பட்டாலே சில எலக்ட்ரான்கள் விடுபடும். கடத்தியுமன்று, கடத்தாப் பொருளுமன்று என்னும் இந்நடுநிலையே 1947இல் ஜெர்மானியத்தைக் கொண்டு முதல் டிரான்சிஸ்டர் செய்யவும், பின்னர் சிலிக்கனைக் கொண்டு கணிப்பொறி படைக்கவும் வழிவகுத்தது.

இரு முகம் கொண்ட வெள்ளீயம்

வெள்ளீயம் வைரத்துக்கும் உலோகத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கிறது. 13.2 பாகை செல்சியசுக்கு மேல் அது பளபளக்கும் உலோகம். அதற்குக் கீழே அதற்கு உகந்தது வைரத்தின் அமைப்பே. அப்போது அது சாம்பல் நிறத் தூளாகிறது. அணுக்கள் விலகி நிற்பதால் அடர்த்தி 7.3இலிருந்து 5.8ஆகக் குறைந்து, பருமன் கால்பங்குக்கு மேல் பெருகி, பொருள் நொறுங்குகிறது. 1812இல் உருசியக் குளிரில் நெப்போலியன் படையினரின் பொத்தான்கள் இவ்வாறு உதிர்ந்தன என்பர். அதற்குத் தக்க சான்றில்லை. இம்மாற்றம் மிக மெதுவாகவே தொடங்கும். சிறிது காரீயம் கலந்திருந்தால் தடைபடும். மின்கருவிகளின் பற்றவைப்பில் காரீயத்தைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் கட்டுப்படுத்தியபின், இப்பழைய நோய் பொறியாளரின் கவனத்திற்கு மீண்டும் வந்தது.

காரீயம் ஏன் வைரமாவதில்லை?

காரீயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள் உள்ளன. அவற்றின் ஈர்ப்பால் உட்கூட்டு எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு விரைவில் இயங்குகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, அத்தகைய வேகத்தில் எஸ் நிலைகள் சுருங்குகின்றன. வெளிக்கூட்டின் எஸ் இணையும் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனைப் பிரித்து நான்கு கைகள் நீட்டுவது காரீயத்திற்குக் கட்டுப்படியாவதில்லை. ஆகவே அதன் அணுக்கள் வைரம்போல் நால்வரோடு நில்லாமல், பழக்கடையில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்களைப்போல் ஒவ்வொன்றும் பன்னிரண்டோடு நெருங்கி அடுக்கப்படுகின்றன. இதனாற்றான் அது கனத்த, மெல்லிய உலோகமாயிற்று. ஊர்திகளில் உள்ள காரீய மின்கலத்தின் ஓர் அறை தரும் 2.1 வோல்ட்டில் ஏறத்தாழ 1.7 வோல்ட் இச்சார்பியல் விளைவால் வருவதே என்று 2011இல் வெளியான கணக்கீடு ஒன்று கூறுகிறது.

சொல்லில் வேண்டும் கவனம்

இனி நம் அடுக்களைக்கு வருவோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், விருந்துக்குச் சமைக்கும் செம்புத் தேக்சாவின் உட்புறத்தில் பூசும் கலாயும் வெள்ளீயமாகவே இருத்தல் வேண்டும். காரீயம் கலந்தால் புளியின் காடியில் அது கரைந்து உணவோடு உடலில் சேரும், எலும்பில் தங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடலில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து.

வெள்ளீயத் தகட்டை வளைத்தால் உள்ளிருக்கும் படிகங்கள் திடீரெனத் திசைமாறுவதால் கிறீச்சென ஓர் ஒலி எழும். காரீயத்தில் அவ்வொலி இல்லை. காரீயம் தாளில் கருங்கோடிடும். இவை தூய உலோகங்களை இனங்காண உதவுமேயன்றிச் சிறிதளவு கலப்பைக் காட்டிக்கொடுக்கமாட்டா; அதற்கு ஆய்வகச் சோதனையே வேண்டும்.

நிறத்தைக் கொண்டு பெயரிட்ட முன்னோர் வெள்ளையென்றும் கருமையென்றும் அடைகொடுத்துப் பிரித்தே வைத்தனர். அவ்வடையை உதறிவிட்டு வெறும் 'ஈயம்' என வழங்குபவர் நாமே. கடையில் கேட்கும்போதும், பாடநூலில் எழுதும்போதும், மொழிபெயர்க்கும்போதும் வெள்ளீயம், காரீயம், கிராஃபைட் என்று முழுப்பெயரால் வழங்குவோமாக. ஓர் அடைமொழி உயிரையும் காக்கும் என்பதனை மொழி பயில்வோர் மறத்தலாகாது.