பூட்டுப் போட்ட பூங்கா யாருக்கு?

ராமேஸ்வரம் தீவில் கரைவலை இழுப்பவர்கள் கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி நடப்பார்கள். கண் கடலில் இருக்கும், வெறுங்கால் மணலில். முந்தின இரவு யாரோ குடித்து உடைத்த பீர் பாட்டில் அங்கே புதைந்து கிடந்தால், காலில் ஏறிய பிறகுதான் தெரியும். பூங்காவில் அதே கண்ணாடியை மிதிப்பது சறுக்குமரத்தில் இறங்கி ஓடும் பிள்ளை.

இருட்டியதும் கும்பலாகக் குடிப்பது, போகிற வருகிற பெண்களைச் சீண்டுவது, ஊஞ்சலைப் பிடுங்குவது. புகார் சொல்லப் போனால் நகராட்சியில் "போலீஸ்ல சொல்லுங்க" என்பார்கள். ஸ்டேஷனில் "பூங்கா நகராட்சியோடதுங்க" என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. விளக்கு, சுற்றுச்சுவர், காவலாளி, குப்பை எல்லாம் நகராட்சி வேலை. அங்கே நடக்கும் அடாவடி போலீஸ் வேலை.

குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆவது பிரிவு பாயும்: 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. நீதிமன்றம் மனது வைத்தால் அந்தப் பூங்காவையே கூட்டச் சொல்லலாம். தண்டனை சிறிது என்று அலட்சியம் வேண்டாம்; இதுவே பெண்ணைச் சீண்டிய வழக்கானால், தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக, இன்னும் கடுமையாக இருக்கிறது. பூங்கா, கடற்கரை போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்களை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2012இல் உத்தரவிட்டது. அந்த வழக்கில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பெண்ணிடம் தவறாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு போலீஸ்காரர் என்பதையும் சொல்லிவிடலாம்.

புகார் வலுத்தால் நகராட்சிகளுக்குச் சட்டென்று தோன்றும் மருந்து பூட்டு. பூட்டினால் முதலில் வெளியே நிற்பது குழந்தைகளும் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களும். குடிப்பவனுக்குச் சுவர் ஒரு தடையா? எரியும் விளக்கும், சாயங்காலம் ஆள் நடமாட்டமும், வாசலில் சுண்டல் வண்டியும் இருக்கிற பூங்காவில் கும்பல் தானாகவே கலையும். ஆனால் 'நடவடிக்கை' என்றதும் முதலில் விரட்டப்படுவது அந்தச் சுண்டல்காரர்தான். விற்பனைச் சான்று பெற்றவரை 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அகற்றக் கூடாது என்கிறது 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். அதேபோல, ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது குற்றமல்ல. அசந்து படுத்திருக்கும் ஏழை யாத்ரிகரும் குற்றவாளி அல்ல. நடத்தையைத்தான் தடுக்க வேண்டும், ஆளை அல்ல.

நிதி இல்லை என்று நகராட்சி கைவிரித்தால்? மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகர மக்கள் சாக்கடை நாற்றம் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பணமில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. ரத்லம் மக்கள் பயன்படுத்திய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆவது பிரிவு. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி ஆட்சியரோ கோட்டாட்சியரோ உத்தரவு போடலாம். போலீஸ் அறிக்கைதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் மனுவே போதும். என்னைக் கேட்டால், நம் ஊர்களில் இவ்வளவு குறைவாகப் பயன்படும் நல்ல ஆயுதம் வேறில்லை.

ஆபத்து என்றால் 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. கும்பலோடு நீங்களே மல்லுக்கு நிற்க வேண்டாம். முகத்துக்கு நேரே வீடியோ எடுப்பதும் வேண்டாம். நேரம், இடம், வண்டி எண் குறித்துக்கொண்டு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, மனு ரசீதை, அதாவது சி.எஸ்.ஆரை, கையோடு வாங்குங்கள். மதுரையிலிருந்து தீர்த்தமாட வந்த குடும்பம் ஊர் திரும்பிய பிறகும் மதுரை ஸ்டேஷனிலேயே புகார் தரலாம். எல்லை காட்டி, பெண்ணைச் சீண்டியது போன்ற குற்றப் புகாரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

விளக்கு, காவலாளி பற்றிய மனு நகராட்சி ஆணையருக்கு. நகல் ஒன்றைத் திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். 1100 எண்ணிலும் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் பத்து ரூபாயில் ஒரு தகவல் உரிமை மனு: பூங்கா விளக்குகளைப் பராமரிக்கக் கடந்த ஆண்டு எவ்வளவு செலவானது, காவலாளியின் பணி நேரம் என்ன? 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.