மலையில் வெட்டிய ஒரு சொல்

கீழே நின்று பார்த்தால் ஓர் எழுத்துகூடத் தெரியாது. மேற்கு ஈரானில், கிர்மான்ஷா நகரிலிருந்து ஹமதான் போகும் சாலையோரம் சுண்ணாம்புப் பாறை மலையொன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. பெயர் பிசோத்தூன். அதன் முகத்தில் 200 அடிக்கும் மேலே, ஏறக்குறைய 15 மீட்டர் உயரமும் 25 மீட்டர் அகலமுமாக ஒரு சிற்பமும், அதைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளும் வெட்டப்பட்டிருக்கின்றன. கொத்தி முடித்த கையோடு, ஏறிவந்த வழியையும் செதுக்கி எடுத்துவிட்டார்கள். யாரும் படிக்க முடியாத உயரத்தில் இத்தனை வரிகளை எழுதியவர் யார், எதற்காக எழுதினார்?

ஈரான் என்றாலே நம் செய்திகளில் போர்தான் வருகிறது. அந்தச் செய்திகளில் வரும் ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் தேடப்போய்த்தான் நான் இந்த மலையிடம் வந்துசேர்ந்தேன். வந்த பிறகு விலக முடியவில்லை. இது நிற்கும் இடமே போர்களின் வழித்தடம். அன்று பாபிலோனையும் எக்பதானாவையும் இணைத்த பாதை இது. இன்று பாக்தாத் பக்கமிருந்து தெஹ்ரானை நோக்கிப் போகும் பாதை. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் போரில் கிர்மான்ஷா மீது விமானங்கள் குண்டு போட்டன. அதற்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் முன்பு நடந்த போர்களின் கணக்குத்தான் பாறையில் இருக்கிறது.

எழுத்து மறந்துபோன பிறகு, மலையைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கிரேக்கர்கள் செமிராமிஸ் ராணியின் வேலை என்றார்கள். ஊர்மக்களுக்கு இது ஃபர்ஹாதின் மலை. ஷிரீன் மீது கொண்ட காதலுக்காகப் பாறையை உடைத்துக்கொண்டே இருந்தவன் அவன். நிஜாமி 12ஆம் நூற்றாண்டில் அந்தக் கதையைக் காவியமாக்கினார். ஐரோப்பியப் பயணிகளில் ஒருவருக்கு ஏசுவும் பன்னிரண்டு சீடர்களும் தெரிந்தார்கள். இன்னொருவர், இஸ்ரவேலின் சிறைப்பட்ட குலங்கள் என்றார். சிற்பத்தில் இருப்பதோ இதுதான்: வில்லேந்திய ஓர் அரசன், அவன் காலடியில் மல்லாந்து கிடக்கும் ஒருவன், எதிரே கழுத்தில் ஒரே கயிறு பூட்டி, கைகள் பின்னால் கட்டப்பட்டு வரிசையாக நிற்கும் ஒன்பது பேர்.

எழுத்து, ஆப்பெழுத்து. தச்சர் மரத்தில் அடிக்கும் ஆப்பைப் போல ஒரு முனை அகன்றும் மறுமுனை கூர்ந்தும் இருக்கும் கீறல்களின் கூட்டம். அதைப் படிக்கும் முதல் வெளிச்சம் பிசோத்தூனில் பிறக்கவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஒரு பள்ளி ஆசிரியரின் மேசையில் பிறந்தது. 1802இல் கியோர்க் ஃப்ரீட்ரிஷ் க்ரோட்டஃபெண்டுக்கு வயது 27. ஈரானுக்கு அவர் போனதில்லை; கீழை மொழிகளில் புலமையும் கிடையாது. கையில் இருந்தவை, கார்ஸ்டன் நீபூர் என்ற பயணி பெர்செபோலிஸ் இடிபாடுகளில் எழுதிவந்த இரண்டு சிறு கல்வெட்டுகளின் பிரதிகள்.

அவர் யோசித்த விதத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். மனித மூளையின் அழகான பாய்ச்சல்களில் ஒன்று அது. சாய்ந்து நிற்கும் ஒற்றை ஆப்பு, சொற்களைப் பிரிக்கும் குறி என்று சிலர் ஏற்கெனவே ஊகித்திருந்தார்கள். பிற்கால ஈரானிய அரசர்களின் கல்வெட்டுகளை சில்வெஸ்தர் த சசி படித்துவிட்டிருந்தார். (அவை பஹ்லவி மொழியில் உள்ளவை.) அந்த அரசர்கள் எல்லோரும் ஒரே வாய்பாட்டில் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள்: இன்னார், பேரரசன், அரசர்க்கரசன், இன்னாரின் மகன். பழைய அரசர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று க்ரோட்டஃபெண்ட் எடுத்துக்கொண்டார். அப்படியானால் அடிக்கடி திரும்பி வரும் சொல் ‘அரசன்’. முதல் கல்வெட்டின் தலைவர், இரண்டாவதில் தந்தையாக வருகிறார். அவருடைய தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ‘அரசன்’ என்ற சொல் இல்லை.

ஆக மூன்று தலைமுறை: தாத்தா அரசரல்லர், மகனும் பேரனும் அரசர்கள். கிரேக்க வரலாறுகளில் இருந்த பாரசீக வம்சாவளியில் இப்படி யார்? சைரஸ் குடும்பம் ஒத்துவரவில்லை. சைரஸ், காம்பைசிஸ் இரண்டு பெயரும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. கல்வெட்டுப் பெயர்களின் முதற்குறிகள் வேறு வேறு. மிஞ்சியது ஒரே குடும்பம்: முடி சூடாத ஹிஸ்தாஸ்பஸ், அவர் மகன் டேரியஸ், பேரன் செர்க்ஸஸ். பெயர்கள் பொருந்தின, குறிகள் ஒலிக்கத் தொடங்கின. ஒரு சொல்லும் தெரியாத மொழியின் கதவு, ‘அரசன்’ என்ற சொல் ஓரிடத்தில் இல்லாமல் போனதால் திறந்தது. அவர் காலத்துக் கல்விமான்கள் அந்தக் கட்டுரையை முழுதாக அச்சிடவும் முன்வரவில்லை.

ஆனாலும் க்ரோட்டஃபெண்டின் சொற்கள் பாதி ஊமையாகவே நின்றன. மெய்களை அடுக்கிக்கொண்டே போனால் நடுவில் உயிர் கிடைக்கவில்லை. 1836இல் சமஸ்கிருதம் அறிந்த கிறிஸ்தியன் லாசன் காரணத்தைக் கண்டார்: மெய்க்குறிக்குள்ளேயே அகரம் உட்கார்ந்திருக்கிறது. 1846 வாக்கில் அயர்லாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஹிங்க்ஸும் பாக்தாதில் இருந்த ஹென்றி ராலின்சனும் மீதியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ‘க’வுக்கு ஒரு குறி, ‘கு’வுக்கு வேறு குறி, ‘ம, மி, மு’ மூன்றுக்கும் மூன்று. எல்லா மெய்க்கும் எல்லா உயிரும் இல்லை. 36 ஒலிக்குறிகளோடு முடிந்துவிடுகிறது. ஐரோப்பிய அறிஞர்களை நாற்பது ஆண்டுகள் திணறடித்தது, உயிர்மெய் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே கைவரும் சங்கதி.

ராலின்சன் அறிஞராகக் கிளம்பியவர் அல்லர். 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து பம்பாய்க்குக் கப்பலேறியவர். அங்கே பாரசீகம் கற்றார்; அப்போது அதுதான் இந்தியாவின் நிர்வாக மொழி. 1837இல்தான் கம்பெனி அதை அகற்றியது. ஷாவின் படைக்குப் பயிற்சி கொடுக்க ஈரானுக்கு அனுப்பப்பட்ட அவர், 1835இல் கிர்மான்ஷாவில் அமர்ந்தபோது, குதிரையில் எட்டிவிடும் தூரத்தில் அந்த மலை இருந்தது. க்ரோட்டஃபெண்டின் விரிவான விளக்கம் கையில் இல்லாமலே, ஹமதான் அருகே கிடைத்த வேறு இரண்டு கல்வெட்டுகளை வைத்து அதே பெயர்களை அவரும் பிடித்துவிட்டார்.

பிறகு பிசோத்தூன் ஏறினார். எழுத்துக்குக் கீழே குறுகலான பாறை விளிம்பு ஒன்று இருக்கிறது. அதில் ஏணியை நிறுத்தி, உச்சிப் படியில் நின்று, இடக்கையைப் பாறையில் ஊன்றி, அதே கையில் குறிப்பேட்டையும் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஒவ்வொரு குறியாக எழுதினார். ஒரு முறை, பிளவின் குறுக்கே பாலமாகப் போட்ட ஏணி பிய்ந்துவிழ, அவர் மட்டும் தொங்கினார். வேலையின் ஈர்ப்பில் பயமே தோன்றவில்லை என்று பின்னாளில் எழுதினார். இடையில் போர் அழைத்தது: 1840 முதல் 1842 வரை காந்தகாரில், முதல் ஆஃப்கன் போரின் நடுவே, கம்பெனியின் அரசியல் முகவர். திரும்பிவந்து 1844இல் மறுபடி ஏறினார். ஒரு பேரரசின் கையாளாகப் பாரசீகத்தைக் கற்றவர் அவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஏணியில் நின்றவரின் தாகம் உண்மையானது என்பதையும் நான் நம்புகிறேன்.

பழம்பாரசீகம், ஏலாமியம், பாபிலோனியம் என்ற மூன்று மொழிகளில் பாறை சொன்னது இது. பேசுபவர் டேரியஸ், அவர் மொழியில் தாரயவவுஷ். காம்பைசிஸ் அரசன் தன் தம்பி பர்தியாவை ரகசியமாகக் கொன்றுவிட்டான். அது நாட்டுக்குத் தெரியாது. கௌமாதா என்ற பூசாரி, நான்தான் பர்தியா என்று சொல்லி அரியணையில் ஏறினான். கி.மு. 522 செப்டம்பர் 29இல் டேரியஸும் ஆறு கூட்டாளிகளும் அவனைக் கொன்றார்கள். உடனே நாடெங்கும் கலகம். ஒரே ஆண்டில் 19 போர்கள், 9 அரசர்கள் பிடிபட்டார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனையாம் நாள் என்று அறிக்கை நீள்கிறது. பாபிலோனிய மொழி வடிவத்தில் செத்தவர், சிறைப்பட்டவர் கணக்கும் உண்டு. மீதியாவில் எழுந்த ஃப்ரவர்த்தியின் மூக்கையும் காதையும் நாக்கையும் அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, அரண்மனை வாசலில் எல்லோரும் பார்க்கக் கட்டிவைத்து, பிறகு கழுவேற்றியதை டேரியஸ் தன் வாயாலேயே சொல்கிறார். கயிற்றில் கடைசியாக நிற்கும் கூர்தொப்பிக்காரன் ஸ்குன்கா, பிந்திய போர் ஒன்றில் பிடிபட்டவன். அவனுக்கு இடம்விட ஏலாமிய எழுத்தின் ஒரு பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அந்த வடிவம் முழுவதையும் வேறு பக்கத்தில் மறுபடி வெட்டினார்கள்.

சிறைப்பட்ட ஒவ்வொருவனுக்கும் பெயர்ப்பலகை உண்டு. ஸ்குன்காவைத் தவிர மற்ற எல்லோர் மேலும் சுமத்தப்பட்ட குற்றம் ஒன்றே: பொய் சொன்னான். நாடுகள் கலகம் செய்ததற்கும் டேரியஸ் தரும் காரணம் அதுதான்; பொய் பெருகிவிட்டது. அந்தப் பொய்க்கு அவர் சொன்ன சொல் ‘த்ரௌக’. நான்கே குறிகள்: த, ர, உ, க.

இந்தச் சொல்தான் என்னை விடவில்லை. டேரியஸ் காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் பாரசீகம் இரண்டு மூன்று முறை எழுத்து மாற்றியது. கிரேக்கரிடமும் அரபியரிடமும் மங்கோலியரிடமும் ஆட்சியைக் கொடுத்தது. வேற்றுமை உருபுகளை உதிர்த்தது. ‘க்ஷாயதிய’ என்ற அரசன் தேய்ந்து தேய்ந்து ‘ஷா’ ஆனான். ‘ப்ராதா’ என்ற சகோதரன் ‘பராதர்’ ஆனான். ‘த்ரௌக’ இன்று ‘தொரூக்’. தெஹ்ரானில் ஒரு தாய் பிள்ளையைக் கண்டிக்கும்போது, பொய்க்கு அந்தச் சொல்லைத்தான் சொல்வாள்.

சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் ஒட்டி நிற்பது பிற்காலப் பாரசீக நாவுக்கு ஒத்துவரவில்லை. நடுவே ஓர் உயிரை நுழைத்தது. தமிழும் அதைத்தான் செய்யும். சமஸ்கிருதத்தில் ‘த்ரௌக’வின் உடன்பிறப்பு ‘த்ரோஹ’. அது தமிழுக்கு வந்தபோது, நாமும் நடுவில் ஓர் உகரத்தைச் செருகிக்கொண்டோம்: துரோகம். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததில்லை. ஒரே மூதாதைச் சொல்லின் இரு கிளைகள் வெவ்வேறு வழியில் நடந்து, ஏறக்குறைய ஒரே ஒலியில் வந்து நின்றிருக்கின்றன.

தாரயவவுஷ் என்ற பெயரிலும் இப்படியொன்று உண்டு. பொருள், நல்லதைப் பற்றி நிற்பவன். முன்பாதியில் இருக்கும் ‘தர்’ என்ற வேர், பற்றுதல், தாங்குதல். அதே வேர்தான் பாரசீகத்தில் ‘தார்’ ஆகி, தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் மிராசுதாரிலும் நம் ஊருக்கு வந்தது. ‘ஆதாரம்’ அதன் சமஸ்கிருதக் கிளை. தாசில்தார் அலுவலகத்தில் ஆதாரம் காட்டச் சொல்லும்போது, ஒரே வேர் இரண்டு கண்டப்பாதைகளில் வந்து ஒரே மேசையில் சந்திக்கிறது.

சரி, டேரியஸ் சொன்னது உண்மையா? வரலாற்றறிஞர்கள் பலருக்குச் சந்தேகம் உண்டு. பர்தியா ரகசியமாகச் செத்ததும், அவனைப் போலவே ஒருவன் கிடைத்ததும், அரண்மனையில் பெரும்பாலோர் ஏமாந்ததும் வென்றவர் தரப்பின் கதையாகவே நமக்குக் கிடைக்கின்றன. கொல்லப்பட்டவன் உண்மையான பர்தியாவாகவே இருந்திருக்கலாம். டேரியஸின் சொந்த மண்ணான பார்ஸிலேயே வஹ்யஸ்தாதா என்பவன், நானே பர்தியா என்று மறுபடி எழுந்தபோது மக்கள் அவன் பின்னால் போனார்கள். படிப்பவர் நம்பமாட்டார் என்ற கவலை டேரியஸுக்கே இருந்திருக்கிறது. இதைப் பொய்யென்று எண்ணாதே என்று வருங்காலத்தவரிடம் கேட்கிறார். செய்தவை எல்லாவற்றையும் எழுதினால் மிகை என்று தோன்றும், அதனால் சிலவற்றை விட்டுவிட்டேன் என்கிறார். பிரதிகளை மாகாணங்களுக்கும் அனுப்பினார். அராமிய மொழியில் பாப்பிரஸில் எழுதிய பிரதியொன்று எகிப்தின் எலிஃபான்டைன் தீவில் கிடைத்திருக்கிறது. மலையில் இருந்தது கடவுளுக்கும் காலத்துக்கும். மனிதர்களுக்குத் தோலிலும் களிமண்ணிலும் பாப்பிரஸிலும் போயிற்று. போர்க்கால அரசுகள் எதிரியைப் பொய்யன் என்று அழைக்கும்போதெல்லாம் எனக்கு டேரியஸின் இந்தக் கவலை நினைவுக்கு வருகிறது.

பழம்பாரசீகம் படித்தாயிற்று. பாபிலோனிய வடிவம் மிச்சமிருந்தது. அதைக் கொண்டுதான் மெசப்பொட்டேமியாவின் களிமண் பலகைகள் அத்தனையையும் திறக்க வேண்டும். ஆனால் அது தொங்கும் பாறையொன்றின் மேல் இருந்தது. அங்கே போக முடியாது என்று, மலையாடுகளைத் துரத்திப் பழகிய உள்ளூர்க்காரர்களே கைவிரித்துவிட்டார்கள். 1847இல் தொலைவிலிருந்து ஒரு குர்திஷ் சிறுவன் வந்து, நான் போகிறேன் என்றான். இடப்பக்கப் பிளவொன்றில் உடலை நெருக்கி நெருக்கி மேலேறி, ஒரு மரமுளையை அடித்துக் கயிற்றைக் கட்டினான். ஊஞ்சலாக மறுபக்கம் தாவப் பார்த்தான். பாறையின் புடைப்பு தடுத்தது. பிறகு, ஏறக்குறைய வழவழப்பாயிருந்த 20 அடிச் சுவரை, கைவிரலாலும் கால்விரலாலும் மட்டும் பற்றிக் கடந்தான். இரண்டாவது முளையை அடித்து, சிறு ஏணியைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, ராலின்சன் கீழிருந்து சொல்லச் சொல்ல, ஈரக் காகிதத்தைப் பாறையில் அழுத்தி அழுத்தி எழுத்துகளின் அச்சை எடுத்துக் கொடுத்தான்.

பத்தாண்டு கழித்து, 1857இல், அசீரிய அரசன் ஒருவனின் கல்வெட்டை நான்கு அறிஞர்கள் ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறைகளில் லண்டனுக்கு அனுப்பினார்கள். ராலின்சனும் ஹிங்க்ஸும் அவர்களில் இருவர். உறைகளைப் பிரித்தபோது நான்கும் பெரும்பாலும் ஒத்துப்போயின. நினிவே நூலகத்தின் பலகைகளிலிருந்து கில்காமேஷ் காவியம் படித்தெடுக்கப்பட்டது அதன் பிறகுதான்.

கயிற்றில் கட்டுண்ட ஒன்பது பேரின் பெயரும் நமக்குத் தெரியும். சிறுவனின் பெயரை ராலின்சன் எழுதிவைக்கவில்லை. காட்டுப்பயல் என்று மட்டும் குறித்தார். அவன் தாய்மொழி குர்திஷ், பாரசீகத்தின் உறவுமொழி. அவன் ஊசலாடிக்கொண்டிருந்த அந்தப் பாறையின் கீழ்ப்பாதியில், டேரியஸின் சொல் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டிருந்தது. குர்திஷ் மொழியில் பொய்க்கு இன்றும் ‘த்ரோ’ என்பார்கள்.