பால்பல் வயதில் குடிக்கும் தண்ணீர்

தொப்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கணவாய்ச் சாலையும் அதில் நடக்கும் விபத்துகளும்தான் நினைவுக்கு வரும். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் பழக்கமானது. அது நிலத்தடியிலிருந்து வருகிறது: போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு. பெரியவர்களின் மூட்டுவலியைப் பற்றியும் காவியேறிய பற்களைப் பற்றியும் இங்கே நிறையப் பேசியாயிற்று. ஆனால் ஃபுளோரைடு பல்லைக் கெடுப்பது அங்கன்வாடி வயதில், எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதில். எனவே இந்தப் பேச்சு முதலில் நடக்க வேண்டிய இடம் மழலையர் வகுப்புதான்.

வெள்ளைப் பல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பால்பற்களின் பெரும்பகுதி தாயின் வயிற்றிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் உருவாகிவிடுகிறது. அதனால் நாலு வயதுப் பிள்ளை சிரித்தால் பல் பெரும்பாலும் பளிச்சென்றுதான் இருக்கும். அதே சமயம் ஈறுக்குள் நிலைப்பற்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுவரை இந்த வேலை நடக்கிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று நான்கு ஆண்டுகள் முக்கியம். கடைவாய்ப் பற்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாகத் தேவை. அந்தக் காலத்தில் உடம்பில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமல் சரியாக இறுகாது.

ஆறு வயதில் கீழ்வரிசையில் இரண்டு புதுப்பற்கள் எட்டிப் பார்க்கும். அவற்றை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப்பு இருந்தால், சாக்பீசால் கிழித்ததுபோல் மெல்லிய வெள்ளைக் கோடுகள் குறுக்கே தெரியும். இடப்பக்கப் பல்லில் இருக்கும் கோடு வலப்பக்கப் பல்லிலும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும். சொத்தை பொதுவாக அப்படி ஜோடியாக வராது. பாதிப்பு கூடுதலாக இருந்தால் நாளடைவில் பல் மஞ்சளாகி, பழுப்பாகிவிடும். சாம்பலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. எனாமல்தான் தேய்ந்து போகும்.

படிப்பையும் தொடும் பாதிப்பு

ஃபுளோரைடு மிகுதியால் வரும் ஃபுளூரோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். அன்று பார்த்தது எலும்பையும் பல்லையும். இன்று கேள்வி மூளை வரைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஆராய்ந்து 2024-இல் அறிக்கை வெளியிட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீருக்கும் குழந்தைகளின் குறைந்த நுண்ணறிவு அளவுக்கும் தொடர்பு இருப்பதாக, நடுத்தர உறுதியோடு அது சொல்கிறது. இன்னும் ஆய்வு தேவை என்பது உண்மை. ஆனாலும் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுக்க அவசரப்படும் நாம், அதே பிள்ளையின் வாட்டர் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம்வரை பொறுக்கலாம்.

ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும்

ஃபுளூரோசிஸை மனத்தில் வைத்தே, காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் நிதியுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 2013-இல் தொடங்கப்பட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் காவிரி நீர் குறைந்த நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிக் கலந்துவிட்டால், குழாயில் வருவது பாதுகாப்பானதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபுளோரைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

சோதித்துத்தான் பார்க்க வேண்டும். அது பெரிய காரியமும் அல்ல. களச் சோதனைப் பெட்டியிலுள்ள மருந்தில் சில துளியைத் தண்ணீரில் விட்டால் இளஞ்சிவப்பாக நிற்கும். ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளை நோக்கி மாறும். அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அளவைத் தெரிந்துகொள்ளலாம். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

அடுப்படியில்

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், சோறு வடிக்கப் போர் தண்ணீர் என்று பிரித்து வைப்பதிலும் பயனில்லை. அரிசியும் பருப்பும் அந்த நீரைத்தான் உறிஞ்சுகின்றன. அங்கன்வாடிச் சமையலுக்கும் இது பொருந்தும்.

சுண்ணாம்புச் சத்து உள்ள உணவு, குடலில் ஃபுளோரைடு உடம்பில் சேருவதைக் குறைக்கும். இந்த மண்ணின் கேழ்வரகில் அந்தச் சத்து ஏராளம்: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். காலையில் பிள்ளைக்கு டீயும் வறுக்கியும் கொடுத்து அனுப்புவதை விட்டுவிட்டு ராகிக் கூழோ பாலோ கொடுங்கள். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் செடி. இந்த மாவட்டத்துக் குழந்தைக்கு டீ வேண்டவே வேண்டாம். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக் கீரை நல்லவை. புளி சேர்த்த உணவு சிறுநீர் வழியே ஃபுளோரைடு வெளியேறுவதைக் கூட்டுகிறது என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் எழுதினார்கள். ஆனால் இவை எல்லாம் துணைதான். நல்ல தண்ணீருக்கு மாற்றாகாது.

டீச்சரின் கையில் இருப்பது

தமிழக அரசு 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. எங்கே நடந்தாலும் மழலையர் கல்வி என்றால் பாட்டு, கதை, விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், கைகழுவுதல் எல்லாம் சேர்ந்ததுதான். இதில் பல் துலக்குவதையும் சேர்க்கலாம். பட்டாணி அளவு பேஸ்ட் போதும், துப்பத் தெரியாத பிள்ளைக்கு அரிசி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்கினால் பிள்ளை அதை விழுங்கிவிடும், பல பேஸ்ட்டுகளிலும் ஃபுளோரைடு உண்டு. நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊரில் எந்தப் பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

"எந்தக் குழாய்த் தண்ணி குடிக்கணும்?" என்று டீச்சர் கேட்டு, பிள்ளைகள் ஓடிப்போய்த் தொட்டுக் காட்டும் விளையாட்டு ஒரு முழுப் பாடம். கற்றதை அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பல்லையும் காட்டச் சொல்லுங்கள். கறைப் பல்லோடு வாயைப் பொத்திக்கொண்டு பேசும் பெரிய வகுப்புப் பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியரின் பொறுப்பு. அது அழுக்கு அல்ல, தண்ணீர் செய்த வேலை.

பெற்றோரே, அங்கன்வாடியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் எடுத்துப் போகிறீர்கள். அங்கே குடிநீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், ஃபுளோரைடு எவ்வளவு இருந்தது என்று கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுங்கள். பதில் இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்.