பிரசவம் முடிந்தது, பிரஷர் முடியவில்லை

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் எகிறிய பெண்ணுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டால், கண்டம் தாண்டியாயிற்று என்று வீடே ஆசுவாசப்படும். உடம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. பிரசவமான மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில்தான் பிரஷர் உச்சத்துக்கு ஏறுகிறது. வலிப்பும் பக்கவாதமும் வரக்கூடிய நாட்கள் அவை. அமெரிக்காவில் அதற்குள் பெரும்பாலான தாய்மார்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து ஒருமுறை வந்து காட்டுங்கள் என்பதுதான் நெடுங்காலம் அங்கே வழக்கமாக இருந்தது.

பிரஷர் இருந்தவர்களை 10 நாட்களுக்குள்ளும், கடுமையாக இருந்தவர்களை 72 மணி நேரத்துக்குள்ளும் பார்த்தாக வேண்டும் என்று அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2018இல் வலியுறுத்தியது. 40 சதவீதம் வரையிலான தாய்மார்கள் பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கே வருவதில்லை என்ற தகவலும் அதே ஆவணத்தில் இருக்கிறது.

எப்படி வருவார்கள்? அங்கே தேசிய அளவில் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடையாது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு. சிறு கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அதுவும் இல்லை. கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறிப் போய், பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு வர ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். நாட்டின் பிரசவங்களில் பத்தில் நான்குக்குச் செலவை ஏற்கும் மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீடும், பல ஏழைத் தாய்மார்களுக்கு 60 நாட்களோடு நின்றுபோனது. அதை ஓராண்டுக்கு நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி திறந்தது 2021ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

பிரசவத்துக்குப் பின் தாய்மார்கள் இறப்பதற்குப் பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஷலோன் இர்விங் கறுப்பினப் பெண். முனைவர் பட்டம் பெற்றவர். அட்லாண்டாவில் அரசு நோய்த் தடுப்பு மையத்தில் தொற்றுநோயியல் நிபுணர். சமூக ஏற்றத்தாழ்வு உடல்நலத்தை எப்படிக் குலைக்கிறது என்பதே அவருடைய ஆய்வுத்துறை. நல்ல காப்பீடும் இருந்தது. 2017 ஜனவரியில் குழந்தை பெற்ற அவர், உடம்பு சரியில்லை என்று திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போனார். மூன்று வாரத்தில் உயர் ரத்த அழுத்தச் சிக்கலால் இறந்தார். வயது 36. இவரே தன் குரலைக் கேட்கவைக்கப் போராட வேண்டியிருந்ததென்றால், மற்றவர்களின் நிலையை நினைக்கவே மனம் பதறுகிறது. 2023இல் அமெரிக்காவில் லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார்களின் மரணம் 50.3, வெள்ளையினத் தாய்மார்களுடையது 14.5.

பரிசோதனைக்கு வராத தாய்மார்களைப் பற்றி "அவர்கள் அக்கறையில்லாதவர்கள், அதனால்தான் வருவதில்லை" என்று சொல்லும் பேச்சைப் பொய்யாக்கியது பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் நடத்திய சோதனை. கர்ப்பகால ரத்த அழுத்த நோய் இருந்த 206 தாய்மார்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை வழக்கம்போல மருத்துவமனைக்கு வரச்சொன்னார்கள். மறு பாதிக்குப் பிரஷர் பார்க்கும் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். காலையும் மாலையும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அளந்து எண்ணைப் பதிலாக அனுப்பினால் போதும். எண் கூடினால் மருத்துவர் தொடர்புகொள்வார்.

மருத்துவமனைக்கு வரச்சொன்ன பிரிவில் மற்றவர்கள் 70 சதவீதம் வந்தபோது, கறுப்பினத் தாய்மார்கள் 33 சதவீதமே வந்தார்கள். குறுஞ்செய்திப் பிரிவிலோ இரு தரப்பிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அளந்து அனுப்பினார்கள். இடைவெளி மறைந்தே போனது. குறை அந்தப் பெண்களிடம் இல்லை; அவர்களால் வர முடியாத இடத்தில், வர முடியாத நேரத்தில் வைத்தியத்தை வைத்துக்கொண்டு காத்திருந்த ஏற்பாட்டில்தான் இருந்தது.

ஆனால் இது முதல் பத்து நாட்களின் கதை மட்டுமே. அமெரிக்காவில் கர்ப்பம் சார்ந்த தாய் மரணங்களில் பாதிக்கும் மேல், பிரசவமாகி ஒரு வாரத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் நிகழ்கின்றன. கர்ப்பத்தில் இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பும் ஏறக்குறைய இரு மடங்கு. பெரும்பாலான மாநிலங்கள் இப்போது காப்பீட்டை ஓராண்டுக்கு நீட்டித்துவிட்டன. அந்த ஓராண்டில் மகப்பேறு மருத்துவரிடமிருந்து பொது மருத்துவரிடமோ இதய மருத்துவரிடமோ இந்தப் பெண்களைக் கைபிடித்துக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைத்தான் இன்னும் பல இடங்களில் யாரும் ஏற்கவில்லை.