கட்டற்ற கணினி – 17: எண்ணைப் பார்த்து மிரளாதீர்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பழைய மடிக்கணினியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் பலர். வந்த சில வாரங்களில் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “லினக்ஸ் மின்ட்டில் பாதி மென்பொருள்கள் பழைய பதிப்பாகவே இருக்கின்றனவே, புதியது வெளிவந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதே, இது ஆபத்தில்லையா?”

கேள்வி நியாயமானது. பதிப்பு எண் ஏறினால் பாதுகாப்பும் ஏறும் என்றுதான் கைப்பேசி நம்மைப் பழக்கியிருக்கிறது. டெபியன், உபுண்டு, மின்ட் குடும்பத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று புரிய, 2024 மார்ச் மாதம் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் நிரலாளர். போஸ்ட்கிரெஸ் என்ற கட்டற்ற தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். அதன் வேகத்தை நுணுக்கமாக அளப்பதற்காகத் தன் டெபியன் கணினியில் மற்ற வேலைகளையெல்லாம் அடக்கிவைத்தார். இணையத்தில் இருக்கும் எந்தக் கணினியையும்போல, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான அதன் எஸ்எஸ்எச் வாசலையும் யாருடைய தானியங்கி நிரல்களோ தவறான பெயர்களைச் சொல்லித் தட்டிக்கொண்டே இருந்தன. அது அன்றாடம் நடப்பதுதான். பெயர் தவறு என்று தெரிந்ததும் எஸ்எஸ்எச் துரத்திவிடும். அதற்கு உழைப்பே தேவையில்லை. ஆனால் அவர் கணினியில் ஒவ்வொரு தட்டலுக்கும் சிபியு எகிறியது. இல்லாத ஒரு பெயரைக் கொடுத்துத் தானே அளந்து பார்த்தார். முன்பு 0.299 நொடி எடுத்த வேலை இப்போது 0.807 நொடி எடுத்தது.

அரை நொடி. நம்மில் யாரும் கவனித்திருக்க மாட்டோம். கவனித்தாலும் இணைப்பு மந்தம் என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. நேரம் எங்கே போகிறது என்று நூல் பிடித்துப் போனவர், எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் நூலகத்தில் போய் நின்றார். கோப்புகளைச் சுருக்கும் எளிய கருவி அது. டெபியனின் தொகுப்புகளைச் சுருக்குவதற்கே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அது இல்லாத லினக்ஸ் கணினி அரிது. உள்நுழைவுக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனால் டெபியனும் ஃபெடோராவும் அப்போது எஸ்எஸ்எச்சை, சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைத்திருந்தன. சிஸ்டம்டியின் நூலகம் எக்ஸ்இசட்டை உள்ளே இழுத்துவந்தது. அந்தச் சுற்றுவழியில் ஒருவர் பின்கதவு வைத்திருந்தார். அவரிடம் உள்ள இரகசியச் சாவி இருந்தால், கடவுச்சொல் எதுவும் இல்லாமல் அந்தக் கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்கலாம்.

மார்ச் 29-ஆம் தேதி, புனித வெள்ளியன்று, ஃப்ராயிண்ட் இதைப் பொதுவெளியில் அறிவித்தார். ஆபத்தை அளக்கும் பத்துப் புள்ளி அளவுகோலில் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுக்கப்பட்டது.

எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸி கோலின். சம்பளம் கிடையாது, ஓய்வு நேர வேலை. 2021 இறுதியில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். எல்லாம் உருப்படியான திருத்தங்கள். 2022-இல் வேறு சில பெயர்கள் கிளம்பின. “வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? புதிய பதிப்பு எப்போது? முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிடலாமே” என்ற பாணியில் நச்சரித்தார்கள். அந்த ஜூனில் கோலின் பொதுவிலேயே பதில் எழுதினார்: நெடுநாள் மனநலப் பிரச்சினைகளால் தன்னால் முன்போல் நேரம் ஒதுக்க முடியவில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. உலகத்துச் சேவையகங்கள் சாய்ந்து நிற்கும் ஒரு தூணை அந்த மனிதர் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தார். வந்து கைகொடுத்தவர் ஜியா டான் ஒருவர்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. 2023-இல் பதிப்புகளையே அவர் வெளியிடத் தொடங்கினார். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1. இரண்டிலும் நஞ்சு இருந்தது. வைத்த விதம் கெட்டிக்காரத்தனமானது. கட்டற்ற மென்பொருளில் மூலநிரலை யாரும் பார்க்கலாம். ஆகவே பார்க்கும் இடத்தில் அதை முழுதாக வைக்கவில்லை. சோதனைக்கென்று வைக்கும் கோப்புகள் இரண்டில், பழுதான தரவுபோல் தோன்றும் வடிவத்தில் அதைப் புதைத்தார்கள். அதைத் தோண்டியெடுத்து இயக்கும் சிறு நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்காமல், பதிப்பாகக் கட்டி வெளியிடும் சுருக்கக் கோப்பில் மட்டும் சேர்த்தார்கள். ஊரார் பார்க்கத் திறந்த அடுப்பில் சுத்தமாகச் சமைத்துவிட்டுப் பார்சல் கட்டும்போது மட்டும் விஷத்தைத் தூவியது போல. டெபியன் போன்றவை எடுத்துக்கொண்டது அந்தப் பார்சலைத்தான்.

அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. பார்சல் தயார், அது ஊரெல்லாம் போய்ச் சேர வேண்டும். மார்ச் 25-இல் டெபியனிடம் ஒரு கோரிக்கை வந்தது: 5.6.1 வந்துவிட்டது, விரைவில் சேருங்கள். மார்ச் 28-இல் ஜியா டானே உபுண்டுவிடம் அதையே கேட்டார். உபுண்டு 24.04 வெளிவர ஒரு மாதம்கூட இல்லை. அதில் ஏறிவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மறுநாள் ஃப்ராயிண்ட் அறிவித்துவிட்டார். புதிய எண் வேண்டும் என்று நமக்கெல்லாம் இருக்கும் அவசரத்தைத்தான் தாக்கியவர் ஆயுதமாக எடுத்திருந்தார். 2022-இல் கோலினை நெருக்கியதும் அதே அவசரத்தைக் காட்டித்தான்.

நஞ்சு யாரிடம் போனது என்று பாருங்கள். டெபியனின் அன்ஸ்டேபிள், டெஸ்டிங் கிளைகள், ஃபெடோராவின் ராஹைடும் ஃபெடோரா 40-இன் முன்னோட்டமும், ஓப்பன்சூசே டம்பிள்வீட், காலி லினக்ஸ்: புதியதை முதலில் வாங்கிக்கொள்ளும் இடங்கள் இவை. அன்று நிலையான பதிப்பாக இருந்த டெபியன் 12-இல் எக்ஸ்இசட் 5.4.1. உபுண்டு 22.04-இலும் அதன்மேல் கட்டிய மின்ட் 21-இலும் 5.2.5. ‘பழசு’ என்று நாம் சலித்துக்கொண்ட கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உபுண்டு 24.04-இன் முன்னோட்டப் பதிப்பை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, அதன் தொகுப்புகளையெல்லாம் புதிதாகக் கட்டினார்கள். அந்த நாட்களின் தழும்பு ஒன்றை இன்றும் உங்கள் திரையில் பார்க்கலாம். உபுண்டு 24.04 அல்லது மின்ட் 22 வைத்திருப்பவர்கள் சினாப்டிக் தொகுப்பு மேலாளரில் எக்ஸ்இசட்டின் பதிப்பு எண்ணைத் தேடிப் பாருங்கள். 5.6.1 என்றுதான் தொடங்கும். நஞ்சுள்ள எண்! இதைக் கண்டு பதறியவர்கள் உண்டு. பதறாமல் அடுத்த எழுத்துகளையும் படிக்க வேண்டும். ஒரு கூட்டல் குறி, ‘ரியலி’ என்ற ஆங்கிலச் சொல், அதை ஒட்டி 5.4.5. ‘பெயருக்குத்தான் 5.6.1, உள்ளே இருப்பது உண்மையில் 5.4.5’ என்று பொருள். தொகுப்பு மேலாண்மைக் கருவி தானாக எண்ணில் கீழே இறங்காது. மேலே ஏறத்தான் தெரியும். அதனால் எண்ணை ஏற்றிக் காட்டி, உள்ளே பழைய நல்ல நிரலை வைத்தார்கள். கோலின் திரும்பிவந்து, நஞ்சை நீக்கி 5.6.2-ஐ வெளியிட்டது அந்த ஆண்டு மே 29-இல்.

ஆக, எண்ணின் தலையைவிட வாலைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. இன்னொரு உதாரணம் தருகிறேன். 2024 ஜூலை 1-இல் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஓர் ஓட்டையை அறிவித்தார்கள். இது யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை. 2006-இல் அடைத்த ஓட்டை 2020-இல் ஒரு மாற்றத்தின்போது மீண்டும் திறந்துகொண்டது. 8.5 முதல் 9.7 வரையிலான பதிப்புகளில் இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச் குழு 9.8-ஐ வெளியிட்டது. டெபியன் 12 என்ன செய்தது? தன்னிடமிருந்த 9.2-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பொருத்தியது. தலை 9.2-ஆகவே இருக்க, வாலில் மட்டும் ‘டெப்12யு3’ என்று மாறியது. டெபியன் 12-க்கான மூன்றாவது திருத்தம் என்று அதற்கு அர்த்தம். உபுண்டு 22.04-உம் தன் 8.9-ஐ விட்டுக்கொடுக்காமல் இதையே செய்தது. இவற்றையெல்லாம்விட மூத்த உபுண்டு 20.04-இல் இருந்தது 8.2. அதில் அந்த ஓட்டையே இல்லை.

புதிய வசதி வேறு, பாதுகாப்புத் திருத்தம் வேறு. நிலையான பதிப்புகள் முதலாவதை நிறுத்திவைத்து இரண்டாவதை மட்டும் அனுப்புகின்றன. ஆகவே நாம் செய்ய வேண்டியது, வருகிற திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் வாங்கிக்கொள்வது. மின்ட்டில் கடிகாரத்தின் பக்கம் கேடயப் படம் இருக்கும்; அதுதான் அப்டேட் மேனேஜர். திறந்து, பட்டியலில் ஏதாவது ஒரு வரியைச் சொடுக்கிவிட்டுக் கீழே ‘சேஞ்ச்லாக்’ பக்கத்துக்குப் போங்கள். என்ன மாறியது, யார் மாற்றினார், எந்த ஓட்டைக்கு என்று அங்கே எழுதியிருப்பார்கள். சிவிஇ என்று தொடங்கி ஆண்டும் எண்ணும் வந்தால் அது பாதுகாப்புத் திருத்தம். நான்கைந்து முறை படித்தால் பழகிவிடும், படிக்கப் படிக்க இந்த உலகத்தின்மேல் மரியாதையும் கூடும். அடிக்கடி மறந்துபோகிறவர்கள் அதன் ப்ரிஃபரன்சஸ் பகுதியில் ‘ஆட்டோமேஷன்’ பக்கத்தில் தானாகப் புதுப்பிக்கச் சொல்லிவிடலாம். உபுண்டு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்ளும். டெபியனில் அதற்கு ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற தொகுப்பு உண்டு.

டெர்மினலில் செய்பவர்களுக்கு ஒரு சொல். ‘ஏபிடி அப்டேட்’ பட்டியலை மட்டும்தான் புதுப்பிக்கும். மென்பொருளை மாற்றுவது அதன்பின் கொடுக்கும் ‘ஏபிடி அப்கிரேட்’. முதலாவதை மட்டும் தினமும் ஓட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கெர்னல் மாறியிருந்தால் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யும்வரை பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும். மூடியைச் சாத்தி உறங்கவைப்பது மறுதொடக்கம் ஆகாது.

ஏதாவது ஒரு செயலி மட்டும் புதிதாக வேண்டுமென்றால், அதை மட்டும் ஃப்ளாட்பேக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே கிடைக்கிறது. மின்ட் 22 முதல், சரிபார்க்கப்படாதவற்றை அது தானாகவே மறைத்துவைக்கிறது. அடித்தளத்தைத் தொட வேண்டாம். யாரோ ஒருவரின் தனிக் களஞ்சியமான பிபிஏவைச் சேர்ப்பது, அவர் கட்டும் தொகுப்புகளுக்கு உங்கள் கணினியின் முழு அதிகாரத்தையும் எழுதிக்கொடுப்பதாகும். இணையத்தில் கண்ட கட்டளையை ‘சூடோ’வோடு அப்படியே ஒட்டி இயக்குவதும் அப்படித்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஜியா டானும் இரண்டு ஆண்டுகள் நல்லவராகத்தான் இருந்தார்.

பழைய எண் பாதுகாப்பானது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆதரவுக் காலம் முடிந்தால் வால் மாறுவதும் நின்றுவிடும். மின்ட் 20-க்கு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது. மின்ட் 21-க்கு 2027 ஏப்ரல் வரை, மின்ட் 22-க்கு 2029 ஏப்ரல் வரை. உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு போயிற்று. ஆனால் உபுண்டு ப்ரோவில் பதிவு செய்தால் தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமாக 2030 வரை திருத்தம் கிடைக்கும். மின்ட் 20-இலேயே இருப்பவர்கள் முதலில் சொந்தக் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு டைம்ஷிஃப்ட்டில் ஒரு நிலைப்படம் எடுத்து, 20.3-க்குத் திருத்தங்களையெல்லாம் போட்டு முடித்து, ‘மின்ட்அப்கிரேட்’ கருவியால் 21-க்கு ஏறுங்கள். 22 வேண்டுமென்றால் 21.3-இல் நின்று மீண்டும் அதே வழி. ஒரே தாவலில் இரண்டு படி ஏற முடியாது. மடிக்கணினியை மின் இணைப்பிலேயே வைத்துக்கொண்டு செய்யுங்கள்.