லோரி இழுக்கவில்லையா? டிரைவரைத் திட்டும் முன் பில்டரைப் பாருங்கள்

சம்பளம், வீடு, போனஸ் என்று பேசி வரும் இந்தப் பகுதியில் இந்த வாரம் ஒரு பழைய லோரியைப் பற்றிப் பேசப் போகிறோம். "சங்கத்துக்காரருக்கு லோரியில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது, கேளுங்கள்.

அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தோம். அங்கே பழம் ஏற்றும் லோரிக்கு வயது 20க்கு மேல். நம்மைக் கண்டதும் டிரைவர் அண்ணன் ஓடி வந்தார்.

"தலைவரே, வண்டி இழுக்க மாட்டேங்குது. எண்ணெய மிதிச்சா ஒரு இழுப்பு இழுக்குது, அப்புறம் மூச்சு முட்டுன மாதிரி திணறுது. மேட்டுல ஏத்த முடியல. நான் வேணும்னே மெதுவா ஓட்டுறேன்னு ஆபீசுல எழுதிட்டாங்க. பம்பு போச்சாம். ரிப்பேர் செலவுல பாதிய என் சம்பளத்துல பிடிப்பாங்களாம்."

இது டிரைவர் ஒருவரின் தொல்லை மட்டுமல்ல. நாளைக்கு 4 நடை போன லோரி 2 நடைதான் போகிறது. டன் கணக்கில் கூலி வாங்கும் ஏற்று ஆட்களுக்குப் பாதிக் கூலி போச்சு. வெட்டிய பழம் காட்டிலே கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். அந்தப் பழியும் தொழிலாளி தலையில்தான் விழும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பல பழைய லோரிகளில் பிரேக்குக்குத் துணை செய்வது என்ஜின் ஓட்டத்தால் கிடைக்கும் விசை. மேட்டில் என்ஜின் நின்று போனால் நாலைந்து மிதியில் அந்தத் துணை தீர்ந்துவிடும். அப்போது பின் தட்டில் ஆள் இருந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

மறுவாரம், பட்டறையில் பல ஆண்டு கை கறுத்த தோழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் சொன்ன முதல் வார்த்தை: "காசில்லாத சோதனைய முதல்ல செய்யணும். பம்பைக் கழட்டறது கடைசி வேலை." அவர் காட்டிய முறையை இங்கே வரிசையாகத் தருகிறோம். இது பழைய பம்பு டீசல் என்ஜினுக்கு. கம்ப்யூட்டர் வைத்த புது லோரிக்கு அல்ல.

என்ஜின்தான் கோளாறா?

என்ஜின் சத்தம் ஏறுகிறது, லோரி மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு கிளட்சில். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் எண்ணெய் மிதியைக் கடைசி வரை மிதிக்க, இன்னொருவர் பம்பின் நெம்புகோலைப் பாருங்கள். அது முழுவதும் திரும்பவில்லையென்றால் கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது மிதிக்கு அடியில் கால்விரிப்பு சுருண்டு கிடக்கும். இப்படிப்பட்ட வண்டிக்கும் 'பம்பு போச்சு' என்று சொல்பவர்கள் உண்டு.

புகை சொல்லும் சேதி

பாரத்தோடு மேடேறும்போது புகைக்குழாயைப் பாருங்கள். கறுப்புப் புகை வந்தால், உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. முதலில் காற்று பில்டரைப் பாருங்கள். டர்போ உள்ள லோரியானால் அதன் குழாயும் கிழிந்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் நோசல். வெள்ளைப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. தண்ணீரோ காற்றோ கலந்திருக்கலாம், பம்பு டைமிங்கும் தவறியிருக்கலாம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது, அது தேய்மானம். புகையே இல்லை, இழுப்பும் இல்லை என்றால் டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை.

நம் செம்மண் ரோட்டில் ஓடும் லோரிக்குக் காற்று பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை ஊதும்போது உள்ளிருந்து வெளியே மெதுவாக ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். "பில்டர் இல்லாம ஓட்டினா நல்லா இழுக்குதே" என்று கழற்றி எறிபவர்களும் உண்டு. அந்த என்ஜினைத் தூசியே அரைத்துத் தின்றுவிடும்.

டீசல் வரும் வழி

அந்த லோரியில் புகை இல்லை. ஆகவே டாங்கியிலிருந்து தொடங்கினோம். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதில் குறையில்லை. அடுத்து, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைத் திறந்து வடித்தோம். பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. கைப்பம்பின் அடியில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றினோம். கறுப்புச் சளி போல அடைத்துக் கிடந்தது. டீசல் பில்டரும் அப்படியே. டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாய், தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த மெலிந்த இடத்தில் டீசலோடு காற்றையும் உறிஞ்சியிருக்கிறது.

இதற்குக் காரணம் நம் கையிலேயே இருக்கிறது. 2019 முதல் நாட்டில் லோரிகளுக்கு விற்கும் டீசலில் குறைந்தது 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்ததைக் கலக்கிறார்கள். நாம் வெட்டி அனுப்பும் பழம்தான் அப்படித் திரும்பி வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் அது பழைய டாங்கியில் படிந்த அழுக்கைக் கழுவி இறக்கும். தண்ணீரையும் அதிகம் இழுக்கும். பழைய ரப்பர் குழாயை மெதுவாக இளக வைக்கும். செம்பனை வந்து ரப்பரைத் தோட்டத்திலிருந்து விரட்டியது போதாதென்று லோரிக் குழாயிலும் விரட்டுகிறது! ஆகவே பழைய லோரிக்கு பில்டரைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்ற வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே வியர்க்கும் தண்ணீர் குறையும்.

குழாயும் பில்டரும் மாற்றி, கைப்பம்பை அடித்துக் குமிழ் நிற்கும் வரை காற்றை வெளியேற்றினோம். மறுநாள் காலை முழுப் பாரத்தோடு அதே மேட்டில் லோரி ஏறியது. பம்பில் ஒரு குறையும் இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. டயருக்குக் கட்டை போடாமல் லோரிக்கு அடியில் படுக்காதீர்கள். நோசல் குழாயை என்ஜின் ஓடும்போது கழற்றாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையே எடுக்க நேரிடும். நோசல், டைமிங், வால்வு இடைவெளி எல்லாம் பட்டறைக்காரர் வேலை.

எழுதி வையுங்கள்

இனி நம் வேலைக்கு வருவோம். "சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் தலைவரே" என்றார் அந்த அண்ணன். யாரிடம் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதற்கு ஒரு துண்டுக் கடிதாசியும் இல்லை. ஆபீசில் எழுதியது இருக்கிறது; அண்ணன் சொன்னது காற்றோடு போச்சு. கோளாறு தெரிந்த அன்றே எழுதுங்கள்: தேதி, எந்த மேடு, எவ்வளவு பாரம், என்ன நிறப் புகை, கடைசியாக எப்போது பில்டர் மாற்றியது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளியின் லோரி பழுதானதற்குத் தன்னிச்சையாகத் தொழிலாளியிடம் பிடிக்க அதில் இடமில்லை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2024 ஜூன் 1 முதல் ஒரு திருத்தம் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். மேட்டில் திணறும் லோரியின் பின் தட்டில் ஏற மறுப்பது சோம்பல் அல்ல. வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு பழம் ஏற்றும் தம்பிகளுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். விழுந்தால் அவர்களுக்கும் அதே எலும்புதான்.

அந்தத் தோட்டத்தில் சம்பளப் பிடிப்பை நிறுத்தினார்கள். டிரைவரைப் பற்றி எழுதியதையும் அடித்துவிட்டார்கள். லோரி படுத்த நாட்களில் ஏற்று ஆட்கள் இழந்த கூலிக்கு இன்னும் பேச்சு நடக்கிறது. நாம் விடப்போவதில்லை.

உங்கள் தோட்டத்து லோரிக்குக் கடைசியாக எப்போது பில்டர் மாற்றினார்கள்? நாளைக் காலை பிரட்டில் கேளுங்கள்.