படைத்த பழமும் பிரிந்த பந்தியும்

பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நம் நாட்டில் திருச்சபையின் அருட்பணி எத்தகையதாய் அமைதல் வேண்டும் என்னும் வினா, இறையியல் வகுப்புகளில் பெரும்பாலும் கோட்பாட்டு வினாவாகவே எழுப்பப்படுகிறது. வெளிப்பாடு, மீட்பு, பிற சமயங்களில் கிறிஸ்துவின் செயல் என்னும் தலைப்புகளில் நூல்கள் பல உள்ளன. ஆயின் சிற்றூர்ச் சபைகளில் பணிபுரியும் ஆயரிடம் இவ்வினா வேறு வடிவில் வந்து சேர்கிறது. பெரும்பாலும் அது பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் வைத்துக் கொண்டுவரப்படும் உணவாக வந்து நிற்கிறது.

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த சேவுகம்பட்டியில், தைப்பொங்கலை ஒட்டி, சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நேர்ந்துகொண்டோர் கூடை கூடையாய்ப் பழங்களைச் சுமந்து வருவர். வழிபாடு முடிந்ததும் அவை கூட்டத்தின்மேல் வீசப்பெறும். பிடித்த பழத்தை மக்கள் வீட்டிற்கு எடுத்துச் சென்று அருட்கொடையாக உண்பர், அயலாருக்கும் கொடுப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதிச் சிற்றூர்ச் சபையொன்றில் வேதபாடம் நடத்தியபோது இளைஞர் ஒருவர் எழுந்து கேட்டார்: “ஐயா, பக்கத்து வீட்டுக்காரர் சூறைப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். சாமிக்குப் படைத்தது என்று சொல்லி அம்மா வாங்க மறுத்துவிட்டார்கள். அவர் முகம் வாடித் திரும்பிப் போனார். நாங்கள் செய்தது சரிதானா?” நான் கொரிந்தியர் நிருபத்தைத் திறந்து விடை கூறலானேன். முடித்தபின் முதிய அம்மையார் ஒருவர் அமைதியாகச் சொன்னார்: “பழத்தை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். நம்ம சபைக் கல்யாணத்திலேயே எங்கள் தெரு ஆட்கள் உட்காரும் பந்தியில் உட்காராதவர்கள் இருக்கிறார்களே, அதற்கு வேதத்தில் ஒன்றும் இல்லையா ஐயா?”

அந்நாளில் நான் ஆயத்தம் செய்திருந்த விடை முதல் வினாவிற்கு மட்டுமே உரியது. இவ்விரு வினாக்களும் உண்மையில் ஒன்றே என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கொரிந்துச் சபையின் வினா

சிலைகளுக்குப் படைத்த உணவைக் குறித்துப் பவுல் ஒரே விடையைக் கூறவில்லை. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில் மூன்று சூழல்களை அவர் வேறுபடுத்துகிறார். கடைத்தெருவில் விற்கப்படும் இறைச்சி முதலாவது (10:25). பூமியும் அதன் நிறைவும் ஆண்டவருடையவை என்னும் 24ஆம் சங்கீதத்தின் அடிப்படையில், அதைக் கேள்வியின்றி வாங்கி உண்ணலாம் என்கிறார். இரண்டாவது, நம்பிக்கை கொள்ளாத ஒருவர் தம் இல்லத்திற்கு விருந்துக்கு அழைப்பது (10:27). அங்கும் வைக்கப்படுவதை உண்ணலாம். ஆயின் இது படைக்கப்பட்டது என ஒருவர் எடுத்துரைப்பாராயின், அவர் பொருட்டு உண்ணாதிருத்தல் நன்று (10:28). மூன்றாவது, கோவில் பந்தியில் அமர்ந்து வழிபாட்டின் பகுதியாக உண்பது (8:10, 10:14-22). ஆண்டவருடைய பந்தியிலும் வேறு பந்தியிலும் ஒருங்கே பங்குகொள்ளல் இயலாது எனப் பவுல் இதனை உறுதியாகத் தடுக்கிறார்.

மறுக்கின்ற விசுவாசி வேத ஆதாரம் இல்லாதவர் அல்லர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எருசலேம் சங்கத்தின் தீர்ப்பு (அப். 15:29) படைத்தவற்றை விலக்கச் சொல்கிறது. பெர்கமு, தியத்தீரா சபைகளுக்கான கடிதங்கள் (வெளி. 2:14, 20) இன்னும் கடுமையானவை. ஆதலின் பழத்தை மறுத்த தாயை அறியாமை உடையவர் என்று எளிதில் ஒதுக்கிவிடுதல் தகாது.

எனினும் பவுலின் வாதத்தில் ஒன்றை நாம் கவனியாது விடுகிறோம். அவர் உணவின் தன்மையைக் குறித்துச் சொல்வது மிகக் குறைவு. உணவு நம்மைத் தேவனுக்கு நெருங்கியவர் ஆக்குவதுமில்லை, தூரப்படுத்துவதுமில்லை (8:8). அவருடைய கவலை முழுவதும், கிறிஸ்து எவருக்காக மரித்தாரோ அந்தச் சகோதரனைப் பற்றியது (8:11). ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசன் 1970களில் எழுதிய கட்டுரைகளில், கொரிந்துச் சபையின் ‘பலமுள்ளவர்’, ‘பலவீனர்’ என்னும் பிரிவிற்குச் சமுதாயப் பின்னணி உண்டென விளக்கினார். செல்வர் இறைச்சியை எந்நாளும் உண்டனர். விருந்து அழைப்புகளை ஏற்பதும் அவர்தம் வாழ்க்கைமுறை. ஏழையோ இறைச்சியைப் பெரும்பாலும் சமயத் திருவிழாக்களிலேயே கண்டான். ஆகவே அவனுக்கு இறைச்சியும் வழிபாடும் பிரிக்கவொண்ணாதவை. இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாயின், மனச்சாட்சியின் வினா என்று தோன்றியதன் அடியில், யார் எவரோடு அமர்ந்து உண்கிறார் என்னும் வினா கிடக்கிறது.

2. பவுல் இளகாத இடம்

உணவுப் பொருளைக் குறித்து இவ்வளவு இடங்கொடுக்கும் பவுல், இரண்டு இடங்களில் சிறிதும் இடங்கொடாமல் எழுதுகிறார். அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பந்தியினின்று விலகிக்கொண்டார் (கலா. 2:11-14). அவர் தம் விசுவாச அறிக்கையை மாற்றவில்லை. உட்காரும் இடத்தை மட்டுமே மாற்றினார். பவுலோ இதனை ஒழுங்குமுறைச் சிக்கலாகக் கருதாமல், சுவிசேஷத்தின் சத்தியத்திற்கு ஏற்ப நடவாமை என்றே கண்டித்தார். நீதிமானாக்கப்படுதல் பற்றிய அவருடைய பெரும் போதனை அந்நிருபத்தில் இப்பந்தித் தகராற்றை அடுத்தே தொடங்குகிறது என்பதை மாணவர் மறத்தலாகாது.

மற்றோர் இடம் 1 கொரிந்தியர் 11:17-34. ஆண்டவருடைய விருந்துக்குக் கூடியபோது ஒருவன் பசித்திருக்க, மற்றொருவன் மிகுதியாய்க் குடித்திருந்தான். ஒருவருக்காக ஒருவர் காத்திராத கூட்டத்தில் உண்ணப்படுவது ஆண்டவருடைய விருந்தே அன்று எனப் பவுல் துணிந்து கூறுகிறார். சரீரத்தை நிதானித்து அறியாமை என்று அவர் குறிப்பிடுவதில், சபையாகிய சரீரத்தில் அருகில் இருப்பவரை அறியாமையும் அடங்கும்.

இவற்றை இணைத்து நோக்கின் நம் நிலை தெளிவாகும். அயலார் வீட்டிலிருந்து வரும் உணவில் பவுல் இடங்கொடுத்தார். அங்கே நாம் கண்டிப்பாய் இருக்கிறோம். சபைக்குள் பந்தி பிரிவதில் அவர் கண்டிப்பாய் இருந்தார். அங்கே நாம் ஊர் வழக்கம் என்று விட்டுக்கொடுக்கிறோம்.

3. தமிழ்த் திருச்சபையின் அனுபவம்

இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, உயர்குலத்தார் செவிகொடுக்கும் பொருட்டுத் துறவிக் கோலம் பூண்டு, உணவிலும் உறைவிடத்திலும் தனித்து வாழ்ந்தார். பண்பாட்டை மதித்த அவருடைய முயற்சியை நாம் பாராட்டுகிறோம். ஆயின் அதற்குரிய விலை பந்தியில் கொடுக்கப்பட்டது. புராட்டஸ்டண்ட் சபைகளில் 1833ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன், சாதி வேறுபாடு சபையில் முற்றிலும் ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். இருக்கையிலும் திருவிருந்துக் கிண்ணத்திலும் வரிசை பிரிந்திருந்த தஞ்சை, சென்னைச் சபைகளில் அது பெரும் எதிர்ப்பை உண்டாக்கியது.

திண்டுக்கல், வத்தலக்குண்டு வட்டாரத்தில் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷன் 1847ஆம் ஆண்டு இன்னும் ஒருபடி சென்றது. தன் ஊழியர் சாதியை விட்டதற்கு அடையாளமாக அன்பின் விருந்தில் எல்லாரோடும் அமர்ந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்த உபதேசியார் பலர் பணியினின்று நீக்கப்பட்டனர். கட்டளையால் நடத்தப்படும் விருந்து அன்பின் விருந்தாகுமா என்று நாம் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆயினும், அறிக்கையிடும் வாயைக் காட்டிலும் உண்ணும் வாயே ஒருவரின் விசுவாசத்தைக் காட்டும் என்று அம்மிஷனெரிமார் கண்டது அந்தியோகியாவின் பாடமே.

அதே நூற்றாண்டில் சாமித்தோப்பில் வைகுண்டர் எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். 1867ஆம் ஆண்டு வடலூரில் வள்ளலார் தருமச்சாலையை நிறுவி, வேறுபாடின்றி யாவர்க்கும் உணவளித்தார். அங்கு மூட்டப்பெற்ற அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. சுதந்திர நாளன்று திருக்கோவில்களில் சமபந்தி விருந்து நடைபெறுவதையும் நாம் காண்கிறோம். பந்தியில் சமத்துவம் என்பது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய சொத்தன்று. இவ்வகையில் பிறரிடம் கற்க வேண்டியோராகவும் நாம் இருக்கிறோம். அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருட்பணி தெயோபிலஸ் அப்பாவு (1940–2005), ஒரே உலையில் பொங்கி உண்ணும் வாழ்வைத் தம் நாட்டுப்புற இசைவழிபாட்டிற்கும் இறையியலுக்கும் மையமாக்கியது இம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

4. மறுப்பின் மற்றொரு காரணம்

பிரசாதத்தை மறுப்போர் அனைவரையும் குறுகிய மனத்தினர் என்று கருதுவது தவறு. ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து கிறிஸ்துவை ஏற்ற நம் முன்னோர் பலர், கோவில் திருவிழாவில் கட்டாயமாகப் பறையறைவதையும், எட்ட நின்று எச்சத்தை வாங்குவதையும் மறுத்தனர். அதற்காக அடியும் பட்டினியும் ஏற்றனர். அவர்களுக்கு அம்மறுப்பு பிற சமயத்தை இகழ்தல் அன்று. தாழ்த்தும் கையிலிருந்து வாங்கேன் என்னும் மானத்தின் சொல். கொடுப்பவர் நம் கையிலிருந்தும் வாங்குவாரா என்பது இன்றும் நேர்மையான வினாவே. ஒருவழியாகவே கீழிறங்கும் கொடை நட்பைக் காட்டாது, தரத்தையே காட்டும்.

அவ்வினாவை நம்மை நோக்கியும் திருப்ப வேண்டும். கிறிஸ்மஸ் அன்று பலகாரமும் பிரியாணியும் அயலாருக்கு அனுப்பிவிட்டு, அவர் பொங்கலன்று கொடுப்பதை மறுக்கும் கிறிஸ்தவர் விருந்தோம்பலை ஒருவழிப் பாதையாக்குகிறார். ஆண்டவரோ சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார் (யோவான் 4:7). தாம் அனுப்பிய சீடரையும் முன்வைக்கப்படுவதை உண்ணும்படி பணித்தார் (லூக்கா 10:8). விருந்தளிப்பவராக மட்டுமே இருக்க விரும்பும் சபை, விருந்தினராக வந்த ஆண்டவரை முழுமையாய் அறியவில்லை.

5. ஆயருக்குரிய சில நெறிகள்

முதலாவது, அயலார் அன்பினால் தரும் பழத்தை, வழிபாட்டில் பங்குகொள்ளாதவரை, தேவனுக்கு நன்றி செலுத்தி உண்பதில் குற்றமில்லை (10:30). ஏற்க மனமில்லாதவர் வாசலில் நிறுத்தி மறுக்க வேண்டா. உள்ளே அழைத்து, அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, தம் மனநிலையைப் பணிவாய்ச் சொல்லலாம். முகம் வாடி ஒருவர் திரும்பிச் செல்வதே அங்கு நிகழ்ந்த இழப்பு.

இரண்டாவது, அக்கோவில் வழிபாட்டிலிருந்து அண்மையில் வந்தவருடைய மனச்சாட்சியை ஆயர் நெருக்கலாகாது. ஏற்பதையோ மறுப்பதையோ சபைச் சட்டமாக்குவது பவுலின் முறைக்கு மாறானது.

மூன்றாவது, அயலாருடைய மனச்சாட்சியையும் மதிக்க வேண்டும். இசுலாமியர் ஹலால் முறைப்படி அறுக்கப்படாத இறைச்சியை உண்ணார். புலால் உண்ணாதோரும் நம்மிடையே உளர். அவர்களை அழைக்கும் விருந்தில் அதற்கேற்பச் சமைப்பது நம் விசுவாசத்தில் குறைவன்று. பலவீனரைக் குறித்துப் பவுல் கூறியதை மதில் கடந்து நிறைவேற்றுவதே ஆகும்.

நான்காவதும் முதன்மையானதும், சபைக்குள் உள்ள பந்தியை ஆயர் நேரில் சென்று காண வேண்டும். அறுப்பின் பண்டிகை விருந்தில் சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார், எத்தெருவார் எப்பந்தியில் அமர்கின்றனர், எவர் சாப்பிடாமல் கைகூப்பி விடைபெறுகின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரசங்க பீடத்தில் சாதியைக் கண்டித்தல் எளிது. விருந்து முடியுமட்டும் இருந்து, ஒதுக்கப்பட்டோர் சமைத்ததை அவர்களிடையே அமர்ந்து முதலில் உண்ணுதல் சற்றுக் கடினம். அதைச் செய்த ஆயருக்குச் சில வீடுகளின் கதவும் காணிக்கையும் அடைபடக்கூடும்.

இதில் நம் பொதுச்சாட்சியும் அடங்கியுள்ளது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு மட்டுமாக்கியது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் இன்னும் புறம்பாகவே உள்ளனர். மதம் மாறினும் சாதிக்கொடுமை நீங்கவில்லை என்று நாம் அரசிடம் முறையிடுகிறோம். அம்முறையீடு நியாயமானது. ஆயின் அக்கொடுமை நிகழும் இடங்களில் நம் பந்தியும் ஒன்று என்பதை அறிக்கையிடாமல் அம்மனுவில் கையொப்பமிடுவது நேர்மையாகாது.

அந்த இளைஞருக்கு நான் கூறிய விடையை இன்றும் மாற்றவில்லை, பழத்தை வாங்கியிருக்கலாம். ஆயின் அந்த முதிய அம்மையாருக்கு அன்று நான் விடை கூறவில்லை. அவர் கேட்டதற்கு வேதத்தில் உள்ளது, கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் என்று இன்று சொல்வேன். அவ்வாறு சொல்லிவிட்டு, அவர் தெருப் பந்தியில் ஓர் இலையின் முன் அமர்வதே அவருக்கு நான் கடன்பட்டுள்ள விடை. திருவிருந்துப் பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் பொறுப்பேற்றோரும் ஏற்கவிருப்போரும் ஆகிய நாம் அனைவரும் அக்கடனுக்கு உட்பட்டவர்களே.